விளையாட்டரங்கம்: கைக்கெட்டாத கோப்பை

பகலில் அலுவல், மாலையில் ஆட்டம் என்றிருக்கும் நம் சங்க இளைஞர்கள் அறிய வேண்டிய பெயர் ஒன்று உண்டு. இங்கிலாந்தின் ஆலன் பார்டியூ, சன்னல்களுக்குக் கண்ணாடி பொருத்திப் பிழைத்தவர். ஓய்வு நேரத்தில் சிறு கழகங்களுக்காகக் கால்பந்து ஆடியவர். 1987இல், தமது 25ஆம் வயதில், 7,000 பவுண்டுக்குக் கிரிஸ்டல் பாலஸ் கழகத்தில் இடம் பெற்றார்.

1989 செப்டம்பரில் லிவர்பூல் அக்கழகத்தை 9–0 என நசுக்கியது. ஏழே திங்களில், எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில், அதே லிவர்பூலை 4–3 என வீழ்த்திய கோலைத் தலையால் முட்டி அடித்தவர் பார்டியூவே!

இறுதியாட்டம் 3–3 எனச் சமனாயிற்று. மறு ஆட்டத்தில் மான்செஸ்டர் யுனைடெட் 1–0 என வென்றது. பின்னர் மேலாளராகி, 2006இல் வெஸ்ட் ஹாமையும் 2016இல் பாலஸையும் இறுதியாட்டத்திற்கு இட்டுச் சென்றார். முன்னதில் ஆட்டம் முடியும் தறுவாயில் லிவர்பூல் சமன் செய்து, பெனால்டியில் வென்றது. பின்னதிலும் தோல்வியே.

ஆயினும், நியூகாசிலை ஐந்தாமிடத்திற்கு உயர்த்தி, 2012இல் ஆண்டின் சிறந்த மேலாளர் விருதைப் பெற்றார். பிள்ளைகளின் மாலை ஆட்டத்தை வீண்பொழுதென்று பெற்றோர் தடுக்க வேண்டா என்பதே நம் வேண்டுகோள்.