கிழவியின் வேர்வை

நமது நாட்டில் ஐம்பது வயது தாண்டிய ஒரு பெண்ணுக்கு நடுராத்திரியில் உடம்பெல்லாம் வேர்த்து, சேலை நனைந்து, தூக்கம் கெட்டுப் போனால், அதற்குக் காரணம் சொல்ல ஊரிலே ஆயிரம் பேர் தயாராயிருக்கிறார்கள். காரணம் என்னவென்று விசாரிக்கத்தான் ஒருவரையும் காணோம்.

மதுரை - ராஜபாளையம் ரஸ்தாவிலிருந்து வத்திராயிருப்புக்கு வழி பிரிகிற கிருஷ்ணன்கோவில் முக்கில் பஸ்ஸுக்கு நிற்கும் வயதான தாய்மார்களைக் கேட்டுப் பாருங்கள். "சூட்டு உடம்பு" என்பார் ஒருவர். "காத்துக் கருப்பு பட்டிருக்கிறது" என்று மாமியார் சொன்னதாகச் சொல்லுவார் இன்னொருவர். ஜோசியரிடம் போனால் ஏழரைச் சனி. கோடங்கியிடம் போனால் செய்வினை. பூசாரியிடம் போனால் இருக்கன்குடிக்கு நேர்ந்துகொண்டதை மறந்துவிட்ட குற்றம். வேர்வை ஒன்று; வியாதி மூன்று; மூன்றுக்கும் தனித்தனியே பணம். எந்தப் பணத்துக்கும் ரசீது கிடையாது.

இவர்களை நாம் கண்டித்து எழுதுவது இன்று நேற்றல்ல. ஆனால், இவர்களைக் காட்டிலும் மரியாதையான வேஷத்தில் வேறொரு மூடநம்பிக்கை உலவுகிறது. அதைப் பகுத்தறிவுக்காரர் என்று சொல்லிக்கொள்ளுகிற நம்மவர்களே தங்கள் வீட்டில் பேசி வருகிறார்கள். அதாவது, "வயசாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்பது. படித்த டாக்டர்களில் சிலரும் இதையே சொல்லி ஒரு சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். தலையெழுத்து என்கிறவனுக்கும் வயசு என்கிறவனுக்கும் என்ன வித்தியாசம்? இரண்டு பேரும் மேலே கேள்வி கேட்காதே என்றுதானே சொல்லுகிறார்கள்?

வேர்வைக்கு வயதும் ஒரு காரணமாகலாம் என்பது மெய்தான். மாதவிடாய் நிற்கும் காலத்தில் பெண்ணின் சினைப்பையில் ஊறுகிற ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு குறைகிறது. மூளையின் அடிப்பாகத்தில் உடம்பின் உஷ்ணத்தைக் காவல் காக்கிற ஒரு சிறு பகுதி இருக்கிறது. சுரப்பு குறைந்ததும் அந்தக் காவல்காரன் மிரண்டுபோகிறான். இம்மி சூடு ஏறினாலும் வீடே தீப்பற்றியது போலக் கூச்சல் போடுகிறான். இரத்தம் தோலுக்குப் பாய்கிறது, வேர்வை கொட்டுகிறது, பிறகு குளிர் நடுக்குகிறது. இதில் பேயும் இல்லை, சனியும் இல்லை. இது ஆறு மாதத்தில் போய்விடும் என்பதும் தப்பு. அமெரிக்காவில் பல வருஷம் பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2015-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இத்தொந்தரவு இருந்தவர்களில் பாதிப் பேருக்கு ஏழு வருஷத்துக்கு மேல் நீடித்ததாகக் கண்டார்கள். கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் அறுத்து எடுத்துவிட்ட பெண்களுக்கோ இது ஒரே நாளில் வந்து விழும், அதுவும் கடுமையாக.

மாதம் மூன்று நாள் இந்தப் பெண்ணைத் "தூரம்" என்று திண்ணையிலும் மாட்டுக் கொட்டகையிலும் ஒதுக்கி வைக்கத் தெரிந்த நம் சமூகத்துக்கு, அது நின்ற பிறகு அவள் உடம்பு என்ன பாடு படுகிறது என்று கேட்க மட்டும் வெட்கம் வந்துவிடுகிறது!

நிற்க. மாதவிடாய் நின்று பத்துப் பதினைந்து வருஷம் கழித்துப் புதிதாக வேர்வை ஆரம்பித்தால், அதையும் அந்தக் கணக்கில் எழுதுவதுதான் ஆபத்து. அறுபத்தைந்து வயதுப் பாட்டி ஒருவர் சர்க்கரை வியாதிக்கு மாத்திரை சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். புரட்டாசிச் சனிக்கிழமை வருகிறது; அல்லது ஏகாதசி. மாத்திரையை விழுங்கிவிட்டுப் பட்டினி கிடக்கிறார். சில வகைச் சர்க்கரை மாத்திரையும் இன்சுலின் ஊசியும், வயிற்றில் சோறு இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதில்லை. நடுராத்திரியில் இரத்தத்தில் சர்க்கரை கீழே இறங்கிவிடுகிறது. உடம்பு குளிர வேர்க்கிறது, கை நடுங்குகிறது, பேச்சு தடுமாறுகிறது. வீட்டார் ஓடிவந்து, "அம்மன் இறங்கிவிட்டாள்" என்று வேப்பிலையும் விபூதியும் தேடுகிறார்கள். அந்த நேரத்தில் தேட வேண்டியது சர்க்கரை டப்பாவை! நினைவு இருந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர். நினைவு தப்பியிருந்தால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் 108-க்குச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு. விரதத்தின் பேரால் இப்படி எத்தனை தாய்மார்களின் உயிர் ஊசலாடுகிறது என்பதைப் புண்ணியக் கணக்கு எழுதுகிறவர்கள் எழுத மாட்டார்கள்.

இன்னொன்று க்ஷயம். இராத்திரி வேர்வை, சாயங்காலக் காய்ச்சல், உடம்பு இளைத்தல், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் - இவை அதன் அடையாளங்கள். வயதானவர்களுக்கு இருமல் தெரியாமலே இருப்பதும் உண்டு. இது கிருமியால் வருவது என்று 1882-இலேயே ராபர்ட் காக் என்னும் ஜெர்மானியர் காட்டிவிட்டார். மலைவாச ஆஸ்பத்திரியில் கிடத்தினால்தான் தீரும் என்றிருந்த எண்ணத்தைப் பொய்யாக்கியது நம்முடைய சென்னைதான். 1956-இல் அங்கே தொடங்கிய ஆராய்ச்சி நிலையம், ஏழை தன் குடிசையில் இருந்துகொண்டே மருந்து சாப்பிட்டாலும் அதே குணம் கிடைக்கும் என்று நிரூபித்தது. உலகமே அதைப் பின்பற்றியது. இன்று சர்க்கார் ஆஸ்பத்திரியில் மருந்து இனாம்; சாப்பாட்டுக்கென்று மாதம் 1,000 ரூபாயும் உண்டு. அப்படியிருக்க, உலகத்துக் க்ஷய நோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். சளியைக் கொடுக்க வேண்டிய நாளில் தாயத்துக் கட்டிக்கொண்டிருந்தால் வேறு என்ன ஆகும்?

தைராய்டு சுரப்பி மிகுந்தாலும் வேர்க்கும். மனச்சோர்வுக்குக் கொடுக்கிற சில மாத்திரைகளாலும் வேர்க்கும். கழுத்திலோ அக்குளிலோ கட்டி இருந்து வேர்த்தால் ஒரு வாரமும் தாமதிக்கக் கூடாது.

எல்லாம் பார்த்தும் காரணம் அகப்படாத வேர்வையும் உண்டு. பெரும்பாலும் அது உயிருக்கு ஆபத்தில்லாதது. அப்போது "தெரியவில்லை" என்று ஒரு டாக்டர் சொன்னால் அவரை நாம் மதிக்க வேண்டும். பார்த்துவிட்டுத் தெரியவில்லை என்பது யோக்கியம். பாராமலே வயசு என்பது சோம்பேறித்தனம்.

மருந்து உண்டா என்றால், உண்டு. 1942-இல் அமெரிக்காவில், சினைக் குதிரையின் மூத்திரத்திலிருந்து ஈஸ்ட்ரோஜனைப் பிரித்தெடுத்து மாத்திரையாக விற்க ஆரம்பித்தார்கள். மூத்திரம் என்றதும் நமது கோமியப் பண்டிதர்கள் குதித்துக்கொண்டு வரவேண்டாம். குதிரைக்குக் கோயில் கட்டாமல், சத்தைப் பிரித்து அளந்து கொடுத்தார்கள் என்பதுதான் சங்கதி. அதோடு விடவும் இல்லை. பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களிடம் சோதித்து, ஈஸ்ட்ரோஜனோடு இன்னொரு சுரப்பும் சேர்ந்த மருந்தால் மார்புப் புற்று முதலிய கெடுதல்கள் சிலருக்குக் கூடுகின்றன என்று 2002-இல் தாங்களே வெளியிட்டார்கள். பிறகு கணக்கை இன்னும் நுட்பமாகப் பார்த்து, அறுபது வயதுக்குள், மாதவிடாய் நின்று பத்து வருஷத்துக்குள், டாக்டர் பார்வையில் சாப்பிடுகிற பெரும்பாலோருக்கு நன்மையே அதிகம் என்று திருத்திக்கொண்டார்கள். தன் தப்பைத் தானே அச்சடிக்கிற பஞ்சாங்கம் எதையாவது யாராவது கண்டதுண்டா?

மாத்திரை ஒத்துக்கொள்ளாத கிழவிக்குக் காற்றாவது வேண்டாமா? கோடையில் சாமிக்குப் புழுங்கும் என்று சந்தனக்காப்புச் சாத்துகிறார்கள். வீட்டிலோ ஜன்னல் ஓரமும் மின்விசிறியும் ஆண்பிள்ளைகளுக்கு. பாட்டிக்கு அடுப்பங்கரை மூலை, நைலக்ஸ் சேலை. ஒரு பழைய நூல்சேலை, தலைமாட்டில் ஒரு செம்புத் தண்ணீர், காற்று வருகிற இடத்தில் ஒரு பாய் - இவை வியாதியைத் தீர்க்காது, தூக்கத்தைக் கொஞ்சம் மீட்கும். இதைச் செய்ய எந்தச் சாஸ்திரத்திலும் தடை இருப்பதாகத் தெரியவில்லை.

1929-இல் செங்கற்பட்டில் கூடிய நமது மாநாடு பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்றது. 1989-இல் தமிழ்நாட்டில் அது சட்டமாயிற்று. ஆனால் தன் உடம்பைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு மகனிடம் உத்தரவு கேட்டு நிற்கிறார் அந்தச் சொத்துக்காரி! சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 மே முதல் பெண்களுக்குச் சார்ஜ் கிடையாது. 2021 ஆகஸ்டு முதல் சர்க்கரை, இரத்தக் கொதிப்பு மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். கொண்டுவருகிற பெண்ணிடமே வேர்வையைப் பற்றிச் சொல்லலாம். எத்தனை நாளாய், எந்த நேரத்தில், காய்ச்சல் உண்டா, உடம்பு இளைத்ததா, என்னென்ன மாத்திரை - பேரன் பேத்திகள் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுக்கட்டும். பாட்டி அதை எடுத்துக்கொண்டு திருவில்லிபுத்தூர் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போகட்டும். அன்றைக்கு ஒரு வேளை ஆண்பிள்ளைகள் அடுப்பைப் பார்த்துக்கொள்ளட்டும். சோறு வடிக்கத் தெரியாதவர்கள் கிருஷ்ணன்கோவில் முக்கில் இட்லி வாங்கித் தின்னட்டும்.