கண்ணை மூடாத ஜெபம்

'கண்களை மூடி ஜெபிப்போம்' என்று, புத்தகத்தைப் பார்த்துப் பழகியிருந்த சைகைகளில் சொல்லிவிட்டு அந்த இளைஞர் தாமும் கண்ணை மூடிக்கொண்டார். சிறிது நேரம் கழித்துத் திறந்து பார்த்தால், எதிரே இருந்த அத்தனை பேரும் கண்கொட்டாமல் அவரையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வயதான அம்மாள் ஒருவர் ஒரு துண்டுச் சீட்டில் இந்தியில் எழுதி நீட்டினார்: "கண்ணை மூடிக்கொண்டால் நீங்கள் சொல்வது எங்களுக்கு எப்படிக் கேட்கும்?"

காது கேளாதவர்கள் கண் திறந்துதான் ஜெபிக்கிறார்கள். ஜெபத்தை நடத்துபவரின் கைகளைப் பார்த்தாக வேண்டுமே!

இளைஞர் என் நண்பரின் மகன். சொந்த ஊர் பாளையங்கோட்டை. வடக்கே இறையியல் படிக்கிறார். பயிற்சிக்காக தில்லியில் காது கேளாதோர் சபை ஒன்றில் ஒரு வாரம் ஊழியம் செய்ய அனுப்பியிருந்தார்கள். வாரம் முடிந்து ஊருக்கு ரயில் ஏறும் முன் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார்.

"எங்க ஊர்லயே 1897லேர்ந்து காது கேளாதோர் பள்ளி இருக்கு மாமா. ஃப்ளாரன்ஸ் ஸ்வெய்ன்சன்னு ஒரு மிஷனரி அம்மா ஆரம்பிச்சது. தினமும் அந்த வழியாத்தான் போவேன். ஒரு சைகைகூடக் கத்துக்கல" என்றார்.

திங்களன்று ஒரு வீட்டுக் கதவைப் பத்து நிமிடம் தட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். பிறகுதான் அழைப்பு மணிப் பொத்தான் கண்ணில் பட்டது. அழுத்தினால் உள்ளே மணி அடிக்காது, விளக்கு எரியும். செவ்வாயன்று, புத்தகத்தில் உள்ள சைகைகளை இந்தி வாக்கிய வரிசையில் அடுக்கினால் அது சைகை மொழியாகிவிடாது என்பது புரிந்தது. இந்தியச் சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு. அதில் 'என்ன', 'எங்கே' போன்ற கேள்விச் சொற்கள் வாக்கியத்தின் கடைசியில்தான் வரும்.

புதன்கிழமை நடந்ததைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கியது. சபையைச் சேர்ந்த ஐம்பது வயதுத் தையல்காரர் ஒருவருக்குத் துணையாக வங்கிக்குப் போயிருக்கிறார். கவுன்டரில் இருந்தவர் தையல்காரரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "இவருக்கு என்ன வேண்டும்?" என்று இளைஞரிடம்தான் கேட்டார். கணக்குத் தொடங்க வேண்டும் என்றதும், "காது கேட்கிற சொந்தக்காரர் யாரையாவது சேர்த்துக்கொண்டால் நல்லது" என்றார். நல்ல யோசனைதானே என்று இளைஞர் தலையாட்டிவிட்டார்.

வெளியே வந்து விவரத்தைத் தெரிவித்ததும் தையல்காரரின் முகம் சிவந்தது. அவருடைய சம்பாத்தியத்தை இருபது வருடமாக வாங்கி வைத்துக்கொண்டிருந்தவர், காது கேட்கிற அவருடைய அண்ணன்தான். அதிலிருந்து விடுபடத்தான் தனிக் கணக்கு. பாரத்தின் பின்புறத்தில் அவர் எழுதிக் காட்டினாராம்: "அவர் சொன்னதை என்னிடம் சொல். பதிலை நான் சொல்வேன்."

இருபது ஆண்டுகளாக மொழிபெயர்ப்பில் பிழைப்பு நடத்தும் எனக்கு இது சுருக்கென்று தைத்தது. அடுத்தவருக்காகப் பேசுவதும் அடுத்தவர் பேசுவதைக் கொண்டுசேர்ப்பதும் வேறு வேறு வேலைகள். நல்லெண்ணம் அதிகமாகும்போதுதான் இரண்டுக்கும் நடுவிலுள்ள கோடு அழிந்துவிடுகிறது.

இந்தச் சிக்கல் மிஷனரி வரலாற்றுக்குப் புதிதல்ல. ஆண்ட்ரூ ஃபாஸ்டர் என்ற அமெரிக்கர் 1925இல் அலபாமாவில் பிறந்தவர். பதினோரு வயதில் மூளைக்காய்ச்சலில் செவித்திறனை இழந்தார். வாஷிங்டனில் காது கேளாதோருக்கென்று உள்ள கல்லாடெட் கல்லூரியில் 1954இல் பட்டம் பெற்றார். அங்கே பட்டம் வாங்கிய முதல் கறுப்பினத்தவர் அவர்தான். 1957இல், முப்பது வயதை ஒட்டிய இளம் மிஷனரியாக கானாவின் தலைநகர் அக்ராவுக்குப் போனார். அந்த நாட்டில் அப்போது காது கேளாத குழந்தைகளுக்குப் பள்ளியே இல்லை. அவர் தொடங்கினார். 1987இல் ருவாண்டாவில் விமான விபத்தில் இறப்பதற்குள் பதின்மூன்று ஆப்பிரிக்க நாடுகளில் முப்பதுக்கும் அதிகமான பள்ளிகள் அவர் முயற்சியால் எழுந்தன. காது கேளாதவரும் ஆசிரியராகலாம் என்பதைக் குழந்தைகளுக்கு அவர் வாயால் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எதிரே நின்றாலே போதும்.

ஆனால் அவர் கையோடு அமெரிக்கச் சைகை மொழியும் போயிற்று. கானாவில் அடமொரோபே என்றொரு கிராமம் இருக்கிறது. பரம்பரையாகக் காது கேளாமை மிகுந்த ஊர். அங்கே தலைமுறை தலைமுறையாக ஒரு சைகை மொழி வழங்கிவருகிறது. காது கேட்கிறவர்களில் பலருக்கும் அது தெரியும். அவ்வூர்ப் பிள்ளைகள் வெளியூர் உறைவிடப் பள்ளிக்குப் போய், அமெரிக்க மொழியிலிருந்து கிளைத்த கானா சைகை மொழியோடு திரும்புகிறார்கள். ஊர் மொழி தேய்ந்துவருகிறது. ஃபாஸ்டரைக் குறை சொல்வது நியாயமில்லை. அவர் இல்லையென்றால் பல பிள்ளைகளுக்குப் படிப்பே இல்லை. ஆனாலும், காது கேளாதவரான அவர் கொண்டுவந்ததற்கே இப்படி ஒரு விலை இருந்தது. காது கேட்கிற நாம் எத்தனை எச்சரிக்கையாக இருக்க வேண்டும்!

நம் நாட்டில் கேட்கும் திறனில் குறையுள்ளவர்கள் 50 லட்சத்துக்கு மேல் என்று 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சொல்கிறது. 2015இல் இந்தியச் சைகை மொழிக்கென்று தில்லியில் மத்திய அரசின் ஆராய்ச்சி, பயிற்சி மையம் அமைந்தது. அது தொகுத்த அகராதி 2021இல் பத்தாயிரம் சொற்களை எட்டியது. நல்ல தொடக்கம்தான். ஆனால் வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவர் எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்ப்பதற்கு அகராதி தேவையில்லை.

"அப்புறம் அந்தத் தையல்காரர்?" என்று கேட்டேன்.

வெள்ளியன்று மறுபடி போனார்களாம். இளைஞர் ஓரடி தள்ளி நின்றுகொண்டார். கவுன்டர்காரர் இவரைப் பார்த்துப் பேசத் தொடங்கியபோதெல்லாம் தையல்காரரைக் கைகாட்டினார். கேள்வியைச் சைகையில் சொல்வார். பதில் வரும்வரை காத்திருப்பார். தெரியாத சைகை வந்தால் எழுதிக் காட்டச் சொல்வார். ஒரு மணி நேரம் ஆயிற்று. பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். கணக்கு ஒரே பெயரில் தொடங்கப்பட்டது.

சனிக்கிழமை சபையார் அவருக்கு ஒரு சைகைப் பெயர் சூட்டினார்கள். இந்தப் பெயரை யாரும் தாமே வைத்துக்கொள்ள முடியாது. அந்தச் சமூகத்தார்தான் கொடுக்க வேண்டும். என்ன பெயர் என்று கேட்டேன். இளைஞர் சற்றே வெட்கத்துடன் ஆள்காட்டி விரலால் தம் இமையைக் கீழே இழுத்து மூடிக் காட்டினார்.