எடை குறைப்பு ஊசி போடுறீங்களா? மேல் வயிற்று வலியை ‘கேஸ்’னு விட்டுடாதீங்க!

மேல் வயிற்றில் திடீர் வலி. “நேத்து சாப்பிட்ட பிரியாணியா இருக்கும்” என்று ஒரு கேஸ் மாத்திரை, ஒரு சோடா. பலரும் செய்வது இதுதான். ஆனால் அந்த வலி முதுகு வரை பரவி, வாந்தியும் நிற்கவில்லை என்றால் அது கணைய அழற்சியாக, அதாவது பேன்கிரியாட்டைட்டிஸாக இருக்கலாம். எடை குறைப்பு ஊசிகள் வந்த பிறகு இந்தப் பெயர் செய்திகளில் அடிக்கடி அடிபடுகிறது. என்ன காரணம்?

கணையத்துக்கு என்ன ஆகிறது?

இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் உறுப்பு கணையம். இன்சுலினையும், உணவைச் செரிக்கும் நொதிகளையும் சுரப்பது இதுதான். அந்த நொதிகள் சிறுகுடலுக்குப் போன பிறகுதான் வேலையைத் தொடங்க வேண்டும். முன்கூட்டியே தொடங்கிவிட்டால், சாப்பாட்டைச் செரிக்க வேண்டிய நொதி கணையத்தையே அரிக்கத் தொடங்கும். அதுதான் கணைய அழற்சி.

பித்தப்பைக் கல்லும் மதுவும்தான் முக்கியக் காரணங்கள். ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு கொழுப்பு 1,000-ஐத் தாண்டினாலும், சில மருந்துகளாலும் வரலாம். அதனால் “குடிக்காதவங்களுக்கு இது வராது” என்பது தவறு.

ஊசிக்கும் இதுக்கும் என்ன தொடர்பு?

2025 மார்ச்சில் மவுஞ்சாரோ, ஜூனில் வீகோவி என இரண்டு ஊசிகள் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. இரண்டின் மருந்துக் குறிப்பிலும் கணைய அழற்சி பற்றிய எச்சரிக்கை இருக்கிறது. அதே ஜூனில் பிரிட்டனின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பும் ஒரு ஆய்வைத் தொடங்கியது. இந்த வகை ஊசி போடும் சிலருக்குக் கணைய அழற்சி வர மரபணு காரணமா என்பதுதான் அதன் கேள்வி.

இதை வைத்துப் பயந்துவிட வேண்டாம். ஊசி போடும் பெரும்பாலானோருக்கு இந்தப் பிரச்னை வருவதில்லை. உடல் பருமன், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஊசி இல்லாமலேயே ஆபத்து சற்று அதிகம். எடை வேகமாகக் குறையும்போது பித்தப்பைக் கல் உருவாகும் வாய்ப்பும் கூடும். அதனால் எல்லாப் பழியையும் ஊசி மேல் போட முடியாது.

உண்மையான சிக்கல் வேறு. குமட்டலும் வாந்தியும் இந்த ஊசியின் வழக்கமான பக்கவிளைவுகள். அதனால் நிஜமாகவே கணையம் பாதிக்கப்படும்போதும், “ஊசி போட்டா இப்படித்தான் இருக்கும்” என்று விட்டுவிடும் ஆபத்து இருக்கிறது.

எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க?

கணையத்துக்கே உரிய வலி, ரத்தத்தில் லைபேஸ் அல்லது அமைலேஸ் அளவு இயல்பைவிட 3 மடங்குக்கு மேல் இருப்பது, ஸ்கேனில் தெரியும் மாற்றம். இந்த மூன்றில் இரண்டு இருந்தால் கணைய அழற்சி என உறுதிசெய்கிறார்கள்.

சிகிச்சை என்ன?

இதைக் குணப்படுத்தும் தனி மருந்து எதுவும் இல்லை. ட்ரிப்ஸ், வலி நிவாரணி, தொடர் கண்காணிப்பு ஆகியவைதான் சிகிச்சை. முன்பு அளவில்லாமல் ட்ரிப்ஸ் ஏற்றுவதே நல்லது என நினைத்தார்கள். 2022-ல் வெளியான ‘வாட்டர்ஃபால்’ ஆய்வு, அதிகம் ஏற்றினால் உடலில் நீர் தேங்கும் ஆபத்துதான் கூடுகிறது என்று காட்டியது. நாள்கணக்கில் பட்டினி போடும் பழக்கமும் மாறிவிட்டது. லேசான பாதிப்பு என்றால், முடிந்தவரை 24 மணி நேரத்துக்குள் வாய்வழியாகவே உணவு தருகிறார்கள்.

சுமார் 80 சதவீதம் பேருக்கு இது லேசான பாதிப்பாகவே முடிகிறது. மற்றவர்களுக்குச் சிறுநீரகம், நுரையீரல் வரை பாதித்து உயிருக்கே ஆபத்தாகலாம். முதல் நாளிலேயே இது எந்தப் பக்கம் போகும் என்று வீட்டில் உட்கார்ந்து கணிக்க முடியாது.

வீட்டுக்கு வந்த பிறகு?

வலி போனதும் காரணம் போய்விடாது. பித்தப்பைக் கல் என்றால் பித்தப்பையை அகற்ற வேண்டும். தள்ளிப்போட்டால் மீண்டும் வரலாம். மது என்றால் ‘கொஞ்சமா’ என்ற பேச்சே கூடாது, முழுசா நிறுத்தணும். திரும்பத் திரும்ப வந்தால் அது நாள்பட்ட நோயாகி, சர்க்கரை நோயிலும் செரிமானக் கோளாறிலும் கொண்டுபோய் விடலாம்.

ஊசி போடுபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். கடுமையான மேல் வயிற்று வலி விடாமல் தொடர்ந்தால் அடுத்த ஊசியைப் போடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்க. என்ன ஊசி, கடைசியாக எப்போது போட்டீங்க என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்க.