கணக்கில் வராத கவளம்

"பச்சைத் தண்ணீரைக் குடித்தாலும் என் உடம்பில் சதையாகத்தான் ஒட்டுகிறது!"

இந்தப் புலம்பலைக் கேட்காத வீடு உண்டா? சொல்கிறவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. காலையில் இரண்டே இட்லி, மத்தியானம் ஒரு பிடி சோறு, இரவுக்கு இரண்டு சப்பாத்தி. இதற்கு மேல் ஒன்றும் சாப்பிடுவதில்லை என்று மனதார நம்புகிறார்கள். தராசு மட்டும் நம்ப மறுக்கிறது!

தராசை வைத்துக்கொண்டு சாப்பாட்டை ஆராய்ந்த ஒரு விசித்திர மனிதர் 400 ஆண்டுகளுக்கு முன் இத்தாலியில் இருந்தார். பாதுவா சர்வகலாசாலையில் வைத்தியப் பேராசிரியர், பெயர் ஸாந்தோரியோ. பெரிய தூக்குக்கோல் ஒன்றில் நாற்காலியைக் கட்டித் தொங்கவிட்டு, அதில் அமர்ந்துதான் அவர் போஜனம் செய்வார். தீர்மானித்த அளவு ஆகாரம் உள்ளே போனதும் நாற்காலி சற்றே கீழே இறங்கும். "போதும் ஐயா, எழுந்திரும்!" என்று அதற்கு அர்த்தம். தின்றது, குடித்தது, கழித்தது எல்லாவற்றையும் பல ஆண்டுகள் நிறுத்துப் பார்த்து, 1614-ல் ஒரு புத்தகமும் வெளியிட்டார்.

நம் வீட்டு நாற்காலிகளுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. எவ்வளவு சாப்பிட்டாலும் மௌனமாகத் தாங்குகின்றன!

"நாற்காலி எதற்கு? சாப்பிட்டது நினைவிருக்காதா?" என்று கேட்பீர்கள். இருக்காது என்பதற்கு நியூயார்க்கில் நடந்த ஓர் ஆராய்ச்சியே சாட்சி. 1992-ல் அதன் முடிவு வெளியாயிற்று. "நாள் ஒன்றுக்கு 1,200 கலோரிக்கும் குறைவாகவே சாப்பிடுகிறோம், ஆனாலும் இளைக்கவில்லை" என்று சொன்ன பத்துப் பேரைப் பரிசோதித்தார்கள். அவர்களுடைய உடம்பின் இயக்கத்தில் ஒரு கோளாறும் இல்லை. உண்மையில் சாப்பிட்டதில் ஏறக்குறையப் பாதியைத்தான் அவர்கள் கணக்குச் சொல்லியிருந்தார்கள். வேண்டுமென்று மறைக்கவில்லை. மீதிப் பாதி அவர்கள் கணக்கில் ஏறவே இல்லை, அவ்வளவுதான்.

அந்த மீதிப் பாதி நம் வீடுகளில் எங்கே ஒளிந்திருக்கிறது?

முதலில் காப்பி டம்ளரைப் பாருங்கள். தினம் நாலு காப்பி, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை. தேக்கரண்டிக்கு 20 கலோரி வீதம் 160 கலோரி. பாலைச் சேர்க்காமலே, ஒரு சின்னக் கிண்ணம் சோற்றுக்குச் சமம் ஆகிவிட்டது! பேசிக்கொண்டே கொறிக்கிற ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். தோசையைச் சுற்றி விடுகிற எண்ணெயோ, ஒரு கிராமுக்கு 9 கலோரி. சோற்றைக் குறைத்துவிட்டதாகத் திருப்திப்பட்டுக் கொண்டு, அப்பளத்தையும் முறுக்கையும் 'சும்மா' என்ற கணக்கில் எழுதிவிடுகிறோம்.

ஆனால், எல்லாவற்றையும்விடப் பெரிய ஒளிவிடம் அடுப்படியில் இருக்கிறது.

எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காருகிற குடும்பத் தலைவியைக் கவனியுங்கள். உப்புப் பார்க்க ஒரு கரண்டி, குழந்தை மிச்சம் வைத்த அரை இட்லி, "வீணாகப் போகிறதே" என்று பாத்திரத்தின் அடியிலிருந்து வழித்த சோறு. இதற்கெல்லாம் தட்டு ஏது? தட்டே இல்லாதபோது அளவு ஏது? மாலையில் அவரைக் கேட்டால், "இன்றைக்குச் சரியாகவே சாப்பிடவில்லை" என்பார். அவரைப் பொறுத்தவரை அது சத்தியம். உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிடத்தான் இல்லையே!

இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம் அல்ல. 2019–21-ல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 40 பேர் அளவுக்கு மீறிய எடையுள்ளவர்கள். ஆண்களில் 37 பேர். நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, மூட்டு வலி எல்லாம் இந்த எடையின் பின்னாலேயே படியேறி வருகின்றன.

பரிகாரம் என்ன? பால் கணக்கும் மளிகைக் கணக்கும் எழுதுகிறோமே, அதே நோட்டில் இன்னும் ஒரு பக்கம். வாயில் போட்டது எதுவானாலும், போட்ட கையோடு எழுத வேண்டும். "மணி 11: முறுக்கு 2." அவ்வளவு போதும். கைப்பேசியில் எழுதுவதானாலும் சரிதான். இரவில் மொத்தமாக எழுதலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். இரவுக்குள் பாதி மறந்துபோகும்.

எழுதினால் இளைக்குமா? அமெரிக்காவில் சுமார் 1,700 பேரை ஆராய்ந்து 2008-ல் முடிவு வெளியிட்டார்கள். தினந்தோறும் எழுதியவர்கள், எழுதாதவர்களைப்போல் இரு மடங்கு எடை குறைந்திருந்தார்கள். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. மூன்றாவது முறுக்கை எடுக்கும்போது, "இதையும் எழுத வேண்டுமே!" என்று கை சற்றுத் தயங்குகிறது. அந்தத் தயக்கந்தான் ஸாந்தோரியோவின் நாற்காலி!

ஒரு வாரம் எழுதிப் பார்த்துவிட்டு, பிறகு தட்டைத் திருத்துங்கள். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்கிறபடி, தட்டில் பாதி இடம் காய்கறிக்கும் பழத்துக்கும். சோற்றை ஒரே கிண்ணத்தால் அளந்து முதலிலேயே போட்டுக்கொள்ளுங்கள். "இன்னும் கொஞ்சம்" என்று கரண்டி நீளும்போது சற்றுப் பொறுங்கள். வயிறு நிறைந்த செய்தி மூளைக்கு எட்டச் சில நிமிஷங்கள் ஆகும்.

மாதம் ஒரு முறை இடுப்பையும் அளந்து பாருங்கள். நம் நாட்டு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதைத் தாண்டினால் எச்சரிக்கை.

ஓர் எச்சரிக்கை நமக்கும் உண்டு. நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்கிறவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வளரும் குழந்தைகள் ஆகியோருக்கு டாக்டரைக் கேட்காமல் ஆகாரத்தைக் குறைக்கக் கூடாது. ஒவ்வொரு கவளத்துக்கும் மனம் கலங்குகிறது என்றால், நோட்டை மூடி வைத்துவிடுங்கள். கணக்கு நமக்காக; நாம் கணக்குக்காக அல்ல.

கடைசியாக, வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்றிரவு சாப்பாட்டுக்கு உட்காரும்போது, அம்மாவுக்கும் ஒரு தட்டை எடுத்து வையுங்கள். அவருடைய பங்கை அதில் முதலிலேயே போட்டு, உங்களோடு உட்காரச் சொல்லுங்கள். மிச்சம் விழுந்தால் குளிர்சாதனப் பெட்டி இருக்கிறது. அதற்கு அவருடைய வயிறு எதற்கு?