பிறப்பிலிருந்து உடல் இயலாமையுடன் வாழ்வோர் சார்பான கோரிக்கை மனு

பெறுநர்: மாவட்டச் செயலாளர், மாவட்டச் செயலகம், மன்னார்.
ஊடாக: பிரதேச செயலாளர், மாந்தை மேற்கு.
பிரதிகள்: பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர், மன்னார், வலயக் கல்விப் பணிப்பாளர், மடு.
அனுப்புநர்: வெள்ளாங்குளம், தேவன்பிட்டிப் பகுதி மாற்றுத்திறனாளிகளும் பெற்றோரும் சேர்ந்த சங்கம்.

மதிப்புக்குரிய ஐயா / அம்மணி,

போரில் அவயவம் இழந்தோரைப் பற்றி இந்த மாவட்டத்தில் பலரும் பேசியிருக்கிறார்கள், பேசத்தான் வேண்டும். இம்மனு பிறப்பிலிருந்தே உடல் இயக்கம் பாதிக்கப்பட்டவர்களுக்கானது. எங்களிடையே மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளே கூடுதல். இது ஆயுள் முழுவதும் இருப்பது. அதனால் எங்களுக்கு வேண்டியது தொடர்ந்து கிடைக்கும் சேவை.

மூளையில் உண்டான பாதிப்பு கூடுவதில்லை. ஆனால் பிள்ளை வளர வளரத் தசைகள் இறுகி மூட்டுகள் மடங்கிப்போகின்றன. ஒழுங்கான இயன்மருத்துவப் பயிற்சி இருந்தால் இதைப் பெருமளவு தள்ளிப்போடலாம். தூக்கிச் சுமக்க வேண்டிய பத்து வயதுப் பிள்ளையோடு இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு தாண்டி ஏ-32 வீதியால் மன்னார் நகருக்குப் போய்வர ஒருநாள் கூலி போகும். ஆட்டோ பிடித்தால் ஒரு கிழமைக் கூலி. இரண்டு முறை போன தாய் மூன்றாம் முறை போகாமல் விட்டால், அதை அக்கறையின்மை என்று எழுதிவிடாதீர்கள். மாதம் இருமுறையாவது இயன்மருத்துவரும் தொழில்வழிச் சிகிச்சையாளரும் வெள்ளாங்குளத்துக்கு வந்து, வீட்டில் செய்யவேண்டிய பயிற்சியைத் தாய்மாருக்குக் கற்றுத்தரும் நடமாடும் சேவையைக் கேட்கிறோம். எங்கள் முதற் கோரிக்கை இதுவே.

விழிப்புணர்வைப் பற்றியும் சொல்லவேண்டும். ஆண்டுதோறும் மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3 வந்தால் எங்களை அழைத்துப் பொன்னாடையும் உலர் உணவுப் பொதியும் தருகிறார்கள், நன்றி. கேட்க வேண்டியவர்கள் மேடையிலும் நாங்கள் கீழேயுமாக அந்த நிகழ்வு முடிந்துவிடுகிறது. விழிப்புணர்வு எங்கள் வீடுகளிலும் வேண்டும். மடு மாதாவுக்கும் திருக்கேதீச்சரத்தானுக்கும் நேர்த்தி வைப்பதை நாங்கள் குறை சொல்லவில்லை, நாங்களும் வைத்தவர்கள்தான். ஆனால் நேர்த்தி முடியட்டும் என்று காத்திருக்கும், பிள்ளையின் முதல் இரண்டு வருடங்களில்தான் பயிற்சி அதிகம் பலன் தரும். கழுத்து நிற்காத, ஒரு பக்கக் கையை மட்டும் நீட்டுகிற குழந்தையைக் குடும்பநல உத்தியோகத்தர் காணும் நாளிலேயே வைத்தியரிடம் அனுப்ப வேண்டும். அதற்கான பயிற்சியை அவர்களுக்கும் முன்பள்ளி ஆசிரியர்களுக்கும் வழங்க வேண்டுகிறோம்.

சட்டம் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. 2006 ஒக்டோபரில் வந்த அணுகு வசதி ஒழுங்குவிதிகள் பழைய பொதுக் கட்டடங்களுக்கு மூன்று வருட அவகாசம் தந்தன. அது எப்போதோ முடிந்துவிட்டது. 2016இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தையும் இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. ஆனால் சாய்தளம் கட்டியிருக்கும் இடங்களிலும் அது சிலவேளை கூரை ஏறுவதுபோல் நிமிர்ந்து நிற்கிறது. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும், இரு பக்கமும் கைபிடி வேண்டும். பாடசாலை மலசலகூடத்தின் கதவு சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் இருக்க வேண்டும். பெண்பிள்ளைகள் பலர் பெரியபிள்ளையானதும் படிப்பை நிறுத்துவதற்குக் காரணம் அந்தக் கதவுதான்.

நகரத் தரைக்கென்று செய்த சக்கர நாற்காலி எங்கள் மணல் ஒழுங்கைகளில் புதைகிறது. பெரிய சில்லுள்ள, கையால் இயக்கும் முச்சக்கர வண்டிகளைப் பரிசீலியுங்கள். வளரும் பிள்ளையின் அளவுக்கு ஏற்ப இருக்கையை மாற்றித்தரும் ஏற்பாடும் தேவை.

2025 வரவு செலவுத் திட்டத்தில் குறைந்த வருமானமுடைய மாற்றுத்திறனாளிகளுக்கான கொடுப்பனவு 7,500 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டதை வரவேற்கிறோம். ஆயுட்கால இயலாமை என்று வைத்திய சபை ஒருமுறை உறுதிப்படுத்திய பின் மீண்டும் மீண்டும் சான்றிதழ் கேட்காதிருக்கப் பணிப்புரை விடுக்க வேண்டும். அரச வேலைகளில் 3 வீதம் ஒதுக்கும் 1988ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையின்படி, மாவட்டத்தில் எத்தனை பேர் நியமனம் பெற்றனர் என்ற விபரத்தையும் எழுத்தில் தருமாறு கேட்கிறோம்.

அடுத்த பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இம்மனுவைச் சேர்த்து, எங்கள் பிரதிநிதிகள் இருவரை அழையுங்கள். கூட்டம் மேல்மாடியில் அல்லாமல் கீழ்த்தளத்தில் நடக்குமாறு ஒழுங்கு செய்யவும் வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
தலைவர், செயலாளர், பொருளாளர்
வெள்ளாங்குளம்