இரண்டு நாளில் ஸ்க்ரம் மாஸ்டர், ஒரே ராத்திரியில் பிராஜெக்ட்

செல்போனைத் திறந்தால் இப்போதெல்லாம் இந்த விளம்பரம்தான். "இரண்டே நாளில் ஸ்க்ரம் மாஸ்டர் ஆகலாம்! பி.காம், பி.ஏ. யாராக இருந்தாலும் பரவாயில்லை! கோடிங் தெரிய வேண்டாம்!" இதில் கடைசி வரிதான் தூண்டில். சின்னசேலத்தில் காலை பஸ்ஸைப் பிடிக்க ஓடும் பி.காம் மூன்றாம் வருட மாணவனுக்கு அந்த வரி காதில் தேனாகப் பாய்கிறது. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்த பக்கத்து வீட்டுப் பையன் சென்னைக்குப் போய்விட்டான், டேலியும் ஜி.எஸ்.டி.யும் மட்டும் தெரிந்த தனக்கு அந்தக் கதவு திறக்காது என்று நினைத்துக்கொண்டிருந்தவனுக்குத் திடீரென்று ஒரு பக்கவாட்டு வாசல் தெரிகிறது. அப்பா மக்காச்சோளம் விற்ற காசில் ஒரு பங்கு அந்த வாசலில் போய் விழுகிறது.

போகட்டும், படிப்புக்குத்தானே செலவு என்கிறீர்களா? படிப்பாக இருந்தால் சரிதான். அங்கே நடப்பது படிப்பா என்பதுதான் கேள்வி.

அஜைல் எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்த்துவிடலாம். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு விடுதியில் 17 பேர் கூடினார்கள். கென்ட் பெக், மார்ட்டின் ஃபௌலர், வார்டு கன்னிங்ஹாம், கென் ஷ்வாபர், ஜெஃப் சதர்லேண்ட் என்று எல்லாரும் மென்பொருள் எழுதிப் பழுத்த கைகள். வருடக்கணக்கில் திட்டம் போட்டு, தடிதடியாக ஆவணம் எழுதி, கடைசியில் வாடிக்கையாளர் "நான் கேட்டது இது இல்லையே" என்று சொல்வதைப் பார்த்துப் பார்த்து அலுத்தவர்கள். அவர்கள் எழுதி வைத்தது 4 மதிப்பீடுகள், 12 கொள்கைகள், அவ்வளவுதான். அதன் சாரத்தைச் சின்னசேலத் தமிழில் சொன்னால்: கொஞ்சமாகச் செய், செய்ததைக் கொண்டுபோய்க் காட்டு, தப்பென்றால் உடனே திருத்து, மறுபடி கொஞ்சம் செய்.

ஸ்க்ரம் என்பது இதைச் செய்ய ஒரு வழிமுறை. ரக்பி ஆட்டத்திலிருந்து வந்த பெயர். 1986-இல் டகேயுச்சி, நொனாகா என்ற இரண்டு ஜப்பானியப் பேராசிரியர்கள் ஹோண்டா, கேனன் போன்ற கம்பெனிகள் புதுப்பொருள் உருவாக்கும் விதத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில் அந்த உவமை வருகிறது. அதாவது இதன் வேர் கம்ப்யூட்டரில் இல்லை, தொழிற்சாலையில் இருக்கிறது. காமர்ஸ் மாணவன் கூச்சப்பட ஒன்றுமில்லை.

இனி அந்த விளம்பரக்காரர் சொல்லாமல் விடுவது. ஷ்வாபரும் சதர்லேண்டும் சேர்ந்து எழுதிய ஸ்க்ரம் வழிகாட்டி 2010-இல் முதலில் வந்தது. கடைசித் திருத்தம் 2020. மொத்தம் 13 பக்கம். இணையத்தில் இலவசம்! பி.காம் முதல் வருடத்து ஃபைனான்சியல் அக்கவுண்டிங் புத்தகத்தில் தேய்மானப் பாடம் இதைவிட நீளமாக இருக்கும். மூன்று பொறுப்புகள், ஒரு மாதமோ அதற்குக் குறைவோ ஆன ஸ்பிரிண்ட், தினமும் 15 நிமிடக் கூட்டம், முடிவில் செய்ததைக் காட்டுவது, பிறகு உட்கார்ந்து எங்கே சொதப்பினோம் என்று பேசுவது. ஒரு சாயங்காலத்தில் படித்து முடிக்கலாம். படிப்பது சுலபம், செய்வதுதான் கஷ்டம் என்று அதை எழுதியவர்களே முன்பு ஒரு பதிப்பில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கஷ்டமான பாதியை இரண்டு நாளில் யாரும் விற்க முடியாது. ஆகவே சுலபமான பாதியை விற்கிறார்கள்.

சான்றிதழ்களைப் பாருங்கள். ஸ்க்ரம் அலையன்ஸ் தரும் சி.எஸ்.எம்.முக்குப் பயிற்சி வகுப்பு கட்டாயம்; 50 கேள்விகளில் 37 சரியாக இருந்தால் தேர்ச்சி; இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 100 டாலர் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். ஷ்வாபர் 2009-இல் அங்கிருந்து விலகித் தொடங்கிய ஸ்க்ரம் டாட் ஆர்க் தருவது பி.எஸ்.எம். அதற்கு வகுப்பு கட்டாயமில்லை. 60 நிமிடத்தில் 80 கேள்வி, 85 சதவீதம் எடுக்க வேண்டும், காலாவதி கிடையாது. சான்றிதழ் கட்டாயம் வேண்டும் என்பவனுக்குக் குறைந்தபட்சம் இந்த வித்தியாசமாவது தெரிய வேண்டாமா? காஸ்ட் அக்கவுண்டிங் படித்தவன் இரண்டு விலையை ஒப்பிடாமல் பணம் கட்டினால் அந்தப் பாடத்தை எதற்குப் படித்தான்?

"ஆனால் கம்பெனியில் கேட்கிறார்களே?" என்பார்கள். உண்மை. சான்றிதழ் இல்லாத விண்ணப்பத்தை ஓரம் தள்ளும் கம்பெனிகள் உண்டு, இல்லையென்றால் பொய். ஆனால் ஸ்க்ரம் மாஸ்டர் என்பவர் ஒரு குழு முட்டிக்கொண்டு நிற்கும்போது அதை நகர்த்த வேண்டியவர். இதுவரை எந்தக் குழுவிலும் வேலை செய்யாத 20 வயதுப் பையனிடம் அந்தப் பொறுப்பை எந்தக் கம்பெனி கொடுக்கும்? நீச்சல் தெரியாதவனுக்கு உயிர்காப்பாளர் சான்றிதழ் கொடுத்தால் கோமுகி அணைக்கரையில் அவனை நம்பி யார் குழந்தையை இறக்கிவிடுவார்கள்?

இந்தக் கும்பலுக்கு நேர் எதிரே இன்னொரு கும்பல் உண்டு. "இதெல்லாம் நம்ம தாத்தா அன்னைக்கே செஞ்சதுதான், வெள்ளைக்காரன் பேர் வச்சு விக்கிறான்" என்று டீக்கடையில் முழங்குகிறவர்கள். கேட்க இனிக்கும். ஆனால் அரைகுறை. கடைக்காரர் ராத்திரி கல்லாவை எண்ணிச் சரிபார்ப்பது நல்ல பழக்கம். அதனால் அது அஜைல் ஆகிவிடாது. எண்ணியதைப் பார்த்து மறுநாள் கொள்முதலை மாற்றினால்தான் அந்தப் பக்கம் ஒரு அடி வைத்ததாக அர்த்தம். முப்பது வருடமாக அதே சரக்கை அதே அலமாரியில் வைத்துக்கொண்டு தினமும் கல்லா எண்ணுகிற கடைகளும் இருக்கத்தானே செய்கின்றன!

தமிழ்நாட்டில் நிஜமாகவே இந்த வழியில் போனவர்களைக் காட்ட வேண்டுமானால் தாத்தாவைத் தேட வேண்டாம். சென்னை பாடியில் டி.வி.எஸ். குழுமத்தின் சுந்தரம் கிளேட்டன், அதன் பிரேக் பிரிவுக்காக 1998-இல் ஜப்பானின் டெமிங் பரிசை வாங்கியது. இந்தியாவிலேயே முதல் முறை. திட்டமிடு, செய், சரிபார், திருத்து என்ற டெமிங்கின் வட்டம்தான் அஜைலுக்கும் ஒரு மூதாதை. அதை அவர்கள் இரண்டு நாளில் கற்கவில்லை. ஷிஃப்டுக்கு ஷிஃப்ட், மிஷினுக்கு மிஷின் வருடக்கணக்காகச் சுற்றினார்கள். இந்தக் கதை பி.காம் மேனேஜ்மெண்ட் வகுப்புகளில் காதில் விழுவதே அபூர்வம். அங்கே ஃபயோலின் 14 கொள்கைகள் மனப்பாடம். இப்போது கூடவே அஜைலின் 12. மொத்தம் 26!

எல்லாவற்றுக்கும் அஜைல் என்று கிளம்புகிறவர்களுக்கு ஊரிலேயே ஒரு பாடம் இருக்கிறது. சின்னசேலத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் புதிய ரயில் பாதை, தூரம் சுமார் 16 கிலோமீட்டர். அறிவிப்பு, நில எடுப்பு, நிதி ஒதுக்கீடு என்று பத்து வருடத்துக்கு மேல் செய்தித்தாளில் மட்டுமே ரயில் ஓடியது. "ஸ்பிரிண்ட் போட்டுச் செய்திருந்தால் எப்போதோ முடிந்திருக்கும்" என்று ஒருவர் சொன்னால் அவர் அந்த 13 பக்கத்தைப் படிக்கவில்லை என்று அர்த்தம். 8 கிலோமீட்டர் தண்டவாளம் போட்டு "பாதி ரெடி, ஏறிப் பாருங்கள்" என்று யாரிடம் காட்டுவது? கரும்புக் காட்டு நடுவில் இறக்கிவிடவா? பாதி முடிந்தது பாதிப் பயன் தரும் வேலைக்குத்தான் இது பொருந்தும். பாலம், அஸ்திவாரம், தண்டவாளம் இவற்றுக்கு முன்கூட்டியே கணக்குப் போட்ட திட்டம்தான் வேண்டும்.

அதே ஊர்ப்பக்கம் எதிர் உதாரணமும் உண்டு. கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பர் 26-இல் தொடங்கியபோது அதற்கென்று கட்டிய ஆட்சியர் அலுவலகம் கிடையாது. தற்காலிக இடத்தில் வேலை ஆரம்பித்தது. மனுவைத் தூக்கிக்கொண்டு விழுப்புரம் வரை பஸ் ஏற வேண்டியிருந்தவர்களுக்குக் கட்டிடமா முக்கியம்? முதல் நாளே ஓரளவு பயன், மீதி பின்னால். (அரசாங்கம் அஜைல் படித்துவிட்டுச் செய்தது என்று யாரும் கிளப்பிவிட வேண்டாம்!) எது இந்த ரகம், எது ரயில் ரகம் என்று பிரித்துப் பார்க்கத் தெரிவதுதான் ஆரம்பக்காரனுக்கு முதல் பாடம். அந்த விளம்பர வகுப்புகளில் மஞ்சள் துண்டுச்சீட்டு ஒட்டுவதும் ஜிராவில் டிக்கெட் திறப்பதும்தான் முதல் பாடம்.

இப்போது வயிற்றெரிச்சலான இடம். பி.காம் மாணவனுக்குப் படிப்புக் காலத்திலேயே ஒரு நிஜமான பிராஜெக்ட் கொடுக்கிறார்கள். கடைசி வருடம், நான்கைந்து பேர் ஒரு குழு, சில மாத அவகாசம், ஒரு வழிகாட்டி, முடிவில் வைவா. கற்றுக்கொள்ள இதைவிட என்ன வேண்டும்? அதை என்ன செய்கிறார்கள்? "வாடிக்கையாளர் திருப்தி பற்றிய ஓர் ஆய்வு" என்று தலைப்பு. 20 கேள்வி. ஹாஸ்டலில் உட்கார்ந்து நாலு பேனாவில் நூறு படிவத்தையும் தாங்களே நிரப்புகிறார்கள். அதற்கும் சோம்பல் பட்டால் ஜெராக்ஸ் கடையில் சீனியர்களின் ஃபைல் இருக்கிறது. ஊர்ப் பெயரையும் கம்பெனிப் பெயரையும் மாற்றி, கறுப்பு அட்டையில் தங்க எழுத்துப் போட்டு ஒரே ராத்திரியில் பைண்டிங். ஐந்து பேரில் இரண்டு பேர் அலைகிறார்கள், மூன்று பேர் பைண்டிங் காசில் பங்கு போடுகிறார்கள். கையெழுத்துப் போடுகிற வாத்தியாருக்கும் தெரியும், வைவாவுக்கு வருகிறவருக்கும் தெரியும்.

இப்படி ஒரு பிராஜெக்டை முடித்துவிட்டு, அதே மாதம் பணம் கட்டி பிராஜெக்ட் மேனேஜ்மெண்ட் கற்கப் போகிறான்!

நிஜமாகச் செய்தால் எப்படி இருக்கும்? தலைப்பு மக்காச்சோளம் என்று வையுங்கள். சின்னசேலத்தைச் சுற்றி அதற்குக் குறைவில்லை. விவசாயி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குக் கொண்டு போகிறாரா, களத்துமேட்டிலேயே வியாபாரிக்குக் கொடுக்கிறாரா, ஏன்? முதல் வாரம் நூறு படிவம் அடிக்க வேண்டாம். மூன்று பேரிடம் மட்டும் போய் உட்காருங்கள். "மிகவும் திருப்தி, திருப்தி, கருத்து இல்லை" என்ற ஐந்து கட்டத்தை நீட்டினால் பெரியவர் சிரிப்பார். "அதெல்லாம் இருக்கட்டும் தம்பி, ஈரம் இருக்குன்னு எடையில கழிக்கிறாங்களே, அதைக் கேளு" என்பார். 14 சதவீத ஈரப்பதம் என்ற கணக்கு, காய வைக்கக் களம் கிடைக்காதது, பணம் கைக்கு வர எத்தனை நாள், முன்பணம் வாங்கியதால் யாருக்கு விற்றே ஆக வேண்டும் என்பதெல்லாம் அந்த அரைமணி நேரத்தில் வந்து விழும். உங்கள் 20 கேள்வியில் 15 குப்பைக்குப் போகும். முதல் வாரத்திலேயே போனால் நஷ்டம் ஒரு டீச்செலவு. நூறு படிவம் நிரப்பிய பிறகு தெரிந்தால்? அப்போது யாருக்கும் உண்மையைச் சொல்ல மனசு வராது. அங்கேதான் நாலு பேனா வெளியே வருகிறது.

இந்த ஒரு வாரம்தான் ஸ்பிரிண்ட். அந்தப் பெரியவரிடம் திரும்பிப் போய் "நாங்கள் எழுதியது சரியா?" என்று படித்துக் காட்டுவதுதான் ரிவ்யூ. தினமும் பஸ்ஸில் ஐந்து பேரும் நேற்று என்ன ஆச்சு, இன்று என்ன, எங்கே மாட்டிக்கொண்டது என்று பேசுவதுதான் தினக்கூட்டம். வாத்தியாரிடம் ஒப்பிப்பதற்கு அல்ல, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதற்கு. "90 பர்சென்ட் முடிஞ்சிருச்சு சார்" என்ற நிரந்தரப் பொய்க்கும் மருந்து இருக்கிறது. முடிந்தது என்றால் என்ன என்று முதலிலேயே எழுதி வைக்க வேண்டும்: டைப் அடித்தது முடிந்ததல்ல, இன்னொருவர் கூட்டல் கழித்தலைச் சரிபார்த்ததுதான் முடிந்தது. ரெட்ரோஸ்பெக்டிவ் என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்களே, அது மூன்றாவது வாரமே "டேய், நீ இதுவரை ஒரு நாளும் வரல" என்று முகத்துக்கு நேரே, சண்டை இல்லாமல் சொல்வது. கஷ்டமான பாதி என்றது இதைத்தான். இதற்கு எந்தக் கேள்வித்தாளிலும் 37 மார்க் கிடைக்காது.

இது ஏதோ பொறாமைப் பேச்சு என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். ஸ்னோபேர்டில் கையெழுத்திட்ட டேவ் தாமஸ் 2014-இலேயே அந்தச் சொல் செத்துவிட்டது என்று எழுதினார். விற்கிறவர்கள் கையில் மாட்டி அர்த்தம் போய்விட்டது என்பது அவர் வருத்தம். அதே 17 பேரில் இன்னொருவர், ரான் ஜெஃப்ரீஸ். ஸ்டோரி பாயிண்ட் கணக்கைத் தான்தான் கண்டுபிடித்திருக்கலாம், அப்படியானால் அதற்காக இப்போது வருந்துகிறேன் என்கிற மாதிரி எழுதினார். வேலையின் கடினத்தைத் தோராயமாகச் சொல்ல வந்த எண்ணை, மேலாளர்கள் ஆளை அளக்கும் முழக்கோலாக ஆக்கிவிட்டார்கள். பெற்றவர்களே கைகழுவிய பிறகு பிள்ளைக்கு இங்கே காதுகுத்து நடக்கிறது.

இந்த வருடமும் வைவா தேதி வந்ததும் ஜெராக்ஸ் கடையில் கூட்டம் நிற்கும். போகிறவர்கள் ஒன்று மட்டும் செய்யுங்கள்: சீனியர் ஃபைலில் பழைய ஊர்ப் பெயர் எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணிவிட்டு மாற்றுங்கள். முடிவுரையில் மட்டும் எப்போதும் ஒன்று மிச்சம் நின்றுவிடுகிறது.