பள்ளிப் பையில் படுத்திருக்கும் நாய்

பிள்ளைகளின் பள்ளிப் பையிலும் பென்சில் பெட்டியிலும் ஒரு வெள்ளை நாயைப் பார்த்திருப்பீர்கள். கறுப்புக் காது, பெரிய மூக்கு. தன் சின்ன வீட்டுக் கூரைமேல் மல்லாந்து படுத்திருக்கும். பெயர் ஸ்னூப்பி. அந்தப் பெயரைச் சொன்னது ஒரு தாய்.

நாயை வரைந்தவர் சார்ல்ஸ் ஷுல்ஸ் என்ற அமெரிக்கர். 1922-இல் பிறந்தவர்; வீட்டுக்கு ஒரே பிள்ளை. அப்பா செயிண்ட் பால் நகரில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தார். ஊசி, ஆணி எது கிடந்தாலும் விழுங்கி வைக்கும் ஒரு நாயும் வீட்டில் இருந்தது. பையன் அதை வரைந்து அனுப்ப, 1937-இல் பத்திரிகையில் வெளிவந்தது. அடுத்து ஒரு நாய் வளர்த்தால் ஸ்னூப்பி என்று கூப்பிடலாம் என்று அம்மா எப்போதோ சொல்லி வைத்தார்.

அம்மாவுக்குப் புற்றுநோய் கண்டது. மகனுக்கு இருபது வயது, பட்டாளத்துக்கு அழைத்துவிட்டார்கள். 1943-இல் விடுமுறைக்கு வந்தவர் முகாமுக்குத் திரும்பும் வேளையில், இனி நாம் பார்க்கப் போவதில்லை, இப்போதே விடைபெற்றுக் கொள்வோம் என்றாராம் அம்மா. மறுநாள் உயிர் பிரிந்தது.

1950 அக்டோபரில் ‘பீனட்ஸ்’ சித்திரக்கதை ஏழு பத்திரிகைகளில் தொடங்கியது. நாய்க்கு வேறொரு பெயரைத்தான் யோசித்திருந்தார். அது இன்னொருவர் சித்திரத்தில் இருக்கக் கண்டதும், அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது.

கதையின் நாயகன் சார்லி பிரவுன் என்ற சிறுவன். விளையாட்டில் தோற்பான், பட்டம் விட்டால் மரத்தில் சிக்கும், தபால் பெட்டியைத் திறந்தால் காலியாக இருக்கும். இதைப் பார்த்துத்தான் உலகமே சிரித்தது! பெரியவர்களை அநேகமாக வரையவே மாட்டார். அந்தப் பிள்ளைகளுக்கு அம்மா உண்டு, ஆனால் முகம் தெரியாது. இழந்தவர் கை வரைந்த சிரிப்பு அது என்றே எனக்குப் படுகிறது.

அப்பாவையும் அவர் விடவில்லை. சார்லியின் அப்பாவுக்கும் முடிதிருத்தும் கடைதான். எவ்வளவு வேலை இருந்தாலும் என்னைக் கண்டால் அப்பா சிரிப்பார் என்று ஒரு சித்திரத்தில் பையன் சொல்கிறான். பெரட்டில் ஏச்சு வாங்கி வந்தாலும் லயத்து வாசலில் பிள்ளையைக் கண்டதும் சிரிக்கும் அப்பாமார் நம்மிடம் இல்லையா என்ன? ஷுல்ஸின் அப்பா 1966-இல் காலமானார்.

ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் உதவியாளர் எவருமின்றித் தாமே வரைந்தார். 1999 கடைசியில் அவருக்கும் புற்றுநோய் என்றார்கள். எழுதுகோலைக் கீழே வைத்தார். விடைபெறும் சித்திரத்தில் ஸ்னூப்பி தட்டச்சுப் பொறியின் முன் உட்கார்ந்திருக்கிறது. அது 2000 பிப்ரவரி 13, ஞாயிற்றுக்கிழமை பத்திரிகைகளில் வந்தது. முதல் நாள் இரவே உறக்கத்தில் அவர் போய்விட்டார்.

அவருக்குப் பின் அந்தத் தொடரை வேறு யாரும் வரையக் கூடாது என்பது குடும்பத்தின் முடிவு. பத்திரிகைகளில் இன்றும் பழைய சித்திரங்களே திரும்ப வருகின்றன.